சுதுவுக்குத் தண்ணீர் ஆகாது

இன்று கொடகவெல கடையில் சோளமாவுப் பைக்கற்றைப் பார்த்ததும் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. இனி எதற்கு என்று பிறகுதான் உறைத்தது. திருப்பி வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வழி நெடுக உங்களோடுதான் பேச்சு.

றப்பர் பால் வெட்டிவிட்டு வந்ததும், முகம்கூடக் கழுவாமல் நம் முயலைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வீர்கள். வெள்ளையாக இருக்கிறதென்று உங்கள் சிங்களக் கூட்டாளி "சுது" என்று கூப்பிட்டார், அதுவே பெயராகிவிட்டது. அழுக்கான இடத்தில் சோளமாவைத் தூவி, விரலால் மெல்லத் தேய்த்து, பழைய சீப்பால் சீவி உதிர்ப்பீர்கள். பின்பக்கம் அசிங்கமாகியிருந்தால் மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, உடனே துடைத்துவிடுவீர்கள். "தண்ணியில முக்கினா பயத்துலயே செத்துரும். மத்தத அதுவே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும்" என்பீர்கள். "நல்ல சோடிதான், ரெண்டுக்கும் குளியல்னா ஆகாது" என்று வம்பிழுப்பேன். சிரிப்பீர்களே தவிர எழுந்து குளிக்கப் போகமாட்டீர்கள்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, எல்லாம் முடிந்து, கருமாதியும் வந்தது. தீட்டுக் கழிய வீட்டையே கழுவினார்கள். என்னைப் பீலிக்கரையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், உங்கள் அக்கா சுதுவைப் பேசினில் முக்கிச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி வளத்தது, தீட்டோட கெடக்கலாமா" என்று அழுதுகொண்டே தேய்த்தார். "வேணாம் மதினி, வேணாம்!" என்று கத்தினேன். என் தலைக்கு ஊற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்த பெண்கள், "மனசத் தேத்திக்க புள்ள" என்று இன்னொரு வாளி ஊற்றினார்கள்.

அன்று பிடித்த மழை விடவேயில்லை. எத்தனை துணியால் துடைத்தும் சுதுவின் உள்முடி காயவில்லை. அடுப்போரம் வைத்துப் பார்த்தேன். ஓர் இலைகூடத் தின்னவில்லை. மறுநாள் விடியும்போது விறைத்துக் கிடந்தது. நீங்கள் போனபோது சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இதற்கு நான் மட்டும்தான். யாரும் எழும்புவதற்குள் நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன்.

உங்கள் அக்கா கையில் பொன்னாங்காணியோடு வந்து, "சுது எங்க?" என்றார். உங்களைப் பறிகொடுத்துப் பாதி உடம்பாகிவிட்ட மனுஷி. அவர் கைதான் அதைக் கொன்றது என்று எப்படிச் சொல்வேன்? "கூட்டச் சாத்த மறந்துட்டேன் மதினி, ஓடிப்போச்சு" என்றேன். நாலு திட்டுத் திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். திட்டவில்லை. "தம்பி உசுரு அது. எங்க போயிரும், வந்துரும்" என்றார்.

வேலை விட்டதும் றப்பர் மரங்களுக்குள் போய், குனிந்து குனிந்து பார்த்துக் கூப்பிடுகிறார். நீங்கள் வரமாட்டீர்கள் என்பதாவது எனக்குத் தெரியும். அவருக்கு அந்த நிம்மதியையும் நான் கொடுக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்று தினமும் கூடவே போகிறேன், வாய் வருவதில்லை. அவர் ஒரு வரிசையில் "சுது, சுது" என்கிறார். அடுத்த வரிசையில் நானும் கூப்பிடுகிறேன்.