தொடக்கூடாத மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் குரலை உயர்த்திவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். அம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வயிற்றில் இருப்பது உன் அண்ணனைப் போலவே சொன்ன பேச்சு கேட்பதில்லை, படுத்தால் உதைக்கிறது.

கர்ப்பிணி உன் அண்ணனின் புற்றுநோய் மாத்திரையைத் தொடக்கூடாது, அவர் துணியைத் துவைக்கக்கூடாது, முடிந்தால் கழிப்பறையும் தனியாக இருக்கட்டும் என்றுதான் நர்ஸ் சொன்னார். 'ஒற்றைக் கழிப்பறை வீட்டில் எதற்கு வம்பு' என்று என்னைப் பெட்டி கட்ட வைத்தது நீ. நேற்று உன் அண்ணனிடம் பேசினால், "வாலு இருக்கா, எனக்கென்ன கவலை?" என்கிறார். கட்டிக்கொண்டவள் இங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. சாப்பிட்டாரா என்று பார்த்துக் கொடுக்கிறாயா? உனக்கு எதிலும் அவசரம்.

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

தையல் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுத்தான் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன். கையுறை போட்டுத்தான் மாத்திரையை எடுக்கிறேன். உடைப்பதில்லை, பொடிப்பதில்லை. போன வாரம் விழுங்கிய கையோடு வாந்தி எடுத்தார். உடனே நர்ஸுக்கு போன் செய்தேன். "திரும்பக் குடுக்காதீங்க, அடுத்த வேளையோட சேத்தும் குடுக்காதீங்க" என்றார். அப்படியே செய்தேன். இதில் எங்கே அவசரம் என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அண்ணன் டிவி பார்க்கிறார். உங்கள் போன் அடித்தால் தலையணையை நிமிர்த்தச் சொல்லி, தலை வாரிக்கொள்கிறார். போனில் தலைமுடி தெரியுமா அண்ணி?

வாலு

மார்ச் 23

அண்ணிக்கு,

அண்ணனுக்கு நீங்கள் அனுப்பிய ஸ்வெட்டருக்குள் ஏதோ மருந்துப் பொடி டப்பா இருந்தது எனக்குத் தெரியாது.

அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "மாத்திரையைத் தவிர வேற எதாவது சாப்பிட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். "ஒண்ணுமில்லையே" என்றார் அண்ணன், பச்சைக்குழந்தை மாதிரி. வீட்டுக்கு வந்து படுக்கை விரிப்பை மாற்றும்போது டப்பா உருண்டு விழுந்தது.

"அவ குடுத்தனுப்புனது. நீ அவள ஒண்ணும் கேக்காதே" என்றார் அண்ணன்.

டப்பாவை டாக்டரிடம் கொண்டுபோனேன். அதில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை, மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். பொடியை அடியோடு விடச் சொல்லி, மாத்திரையையும் இந்த வாரம் நிறுத்தியிருக்கிறார். அண்ணன் இப்போது எழுந்து நடக்கிறார், பயப்படாதீர்கள்.

நான் கெஞ்சினால் இரண்டு வாய் சாப்பிடுகிறார். உங்கள் பொடியின் கசப்பை முகம் சுளிக்காமல் விழுங்கியிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கோபத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம், அண்ணி.

வாலு

மார்ச் 29

என் வாலுவுக்கு,

அம்மாவின் தோழி ஒருத்தி கொடுத்த பொடி அது. நல்லது என்று நம்பித்தான் அனுப்பினேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் அனுப்பியதற்குக் காரணம் வேறு. அவர் பிழைத்து எழுந்தால் அந்த நல்ல பெயர் முழுக்க உனக்கே போய்விடுமே என்று இருந்தது. தெரியாமல் அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு போன் செய்து, அந்தத் தோழியிடம் கேட்டுத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். உன் அண்ணனிடமும் அழுதேன். "விடு, கசப்பு போயிடுச்சு" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அவர் இப்போது பயணம் செய்யக்கூடாதாம். பிரசவத்துக்கு நீ வா. டாக்டர் திரும்பத் தொடங்கச் சொன்ன பிறகு மாத்திரையை அவரே எடுத்துக்கொள்ளட்டும், முன்னும் பின்னும் கை கழுவிக்கொண்டு. துணைக்கு அவரோடு பஸ்ஸில் வேலை செய்யும் கண்டக்டர் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளையை முதலில் நீதான் கையில் வாங்க வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் என் காதில், யார் ஜாடை என்று சொல். "எங்க அண்ணன் ஜாடை" என்றுதான் சொல்வாய், தெரியும். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், வா.

உன் அண்ணி