பதினான்கு நாள் முன்னதாக

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதம் நீ எழுதியது நாலே வரி, அதிலும் இரண்டு வரி மழையைப் பற்றி. கோபத்தை இவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்க உனக்கு மட்டும்தான் வரும். கோபம் நியாயம்தான். கிடைத்த ஒரே நாள் விடுப்பில் பாதி வழி பயணம் செய்து வந்து, நாம் சந்திப்பதாக இருந்த ரயில் நிலையத்தில் சாயங்காலம் வரை எனக்காக உட்கார்ந்திருந்தாய். எனக்கோ முந்தின நாள்தான் ஷிப்டை மாற்றினார்கள். நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு நான் போன் செய்தபோது நீ வண்டி ஏறியிருந்தாய்.

எங்கள் சலவை ஆலையில் சனிக்கிழமை ஒட்டுகிற ஷிப்ட் சார்ட் ஞாயிற்றுக்கிழமையே நடப்புக்கு வருவது உனக்குத் தெரியும். அதைப் பதினான்கு நாள் முன்னதாக ஒட்ட வேண்டும் என்று சங்கம் கேட்டு, மேனேஜரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. பேசப் போகிற பொறுப்பை மூன்று பேர் தலையில் கட்டினார்கள், அதில் என் தலையும் ஒன்று. சிரிக்காதே. காய்கறிக் கடையில் பேரம் பேசக்கூட உன்னை அனுப்புகிறவன்தான் நான். மேனேஜருக்கு என்னைப் பிடிக்கும் என்பதுதான் காரணமாம். மற்ற இருவர், துணி மடிக்கும் பிரிவில் எல்லோரும் மிளகாய் என்று கூப்பிடும் அக்காவும் பாய்லர்க்காரரும்.

சங்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து மூன்று வாரம் கேன்டீனில் வகுப்பு எடுத்தார். ஒத்திகையில் மிளகாய் அக்காதான் மேனேஜர். அவர் போட்ட அதட்டலில் பாய்லர்க்காரர் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, தடுமாறினால் அவகாசம் கேட்டு வெளியே வந்து கூடிப் பேச வேண்டும், எதுவரை இறங்கலாம் என்பது நமக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏழு நாள் வரை இறங்கலாம் என்று எங்களுக்குள் முடிவு.

முதல் நாள் பேச்சு நன்றாகத்தான் போனது. டீ இடைவேளையில் மேனேஜர் பக்கத்தில் வந்து, "வெளியூர்ல வீட்டம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், உருகிவிட்டேன். நீ காத்திருந்த கதையை எல்லாம் கொட்டி, "ஏழு நாள் முன்னாடி தெரிஞ்சாக்கூடப் போதும் சார்" என்றும் உளறிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் ஏழு நாள் தருகிறோம், அதற்கு மேல் பேச்சே இல்லை என்றார்.

அவகாசம் கேட்டு வெளியே வந்து, டீ நேரத்தில் உளறியதை இருவரிடமும் ஒப்புக்கொண்டேன். மிளகாய் அக்கா என் நோட்டை வாங்கி, 'எதுவரை இறங்கலாம்' என்ற வரிக்கு அடியில் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. யோசித்துப் பார்த்தால், உனக்கு விடுப்பு வேண்டுமென்றால் பத்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழு நாள் எனக்கே உதவாது! உள்ளே போய், பதில் அடுத்த அமர்வில் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், துணி உலர்த்தும் மெஷின்களுக்கு நடுவே, அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். திடீர் ஷிப்டால் தவறவிட்டதை ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்டேன். மகளின் பள்ளி நாடகம், அப்பாவின் கண் ஆபரேஷன், கூடப் பிறந்தவன் கல்யாணம் என்று நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது. பதினான்கிலிருந்து இறங்க வேண்டாம் என்றார்கள்.

அடுத்த அமர்வில், "டீ நேரத்துல பேசினது நான் மட்டும் சார். இவங்க பேசினது இதுல இருக்கு" என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினேழாவது சீட்டில் மேனேஜர் போதும் என்று கையைக் காட்டினார். யாருக்காவது திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனால் ஆளுக்கு எங்கே போவேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவசரத்துக்கு வர விருப்பமுள்ளவர்களின் பட்டியலை நாங்களே தருகிறோம் என்றார் மிளகாய் அக்கா. பதினான்கு நாளுக்கே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

புது சார்ட் நேற்று ஒட்டினார்கள். வருகிற இருபதாம் தேதியிலிருந்து மூன்று நாள் எனக்கு ஓய்வு. நீ பாதி வழிகூட வர வேண்டாம், முழு வழியும் நானே வருகிறேன். விடுப்பு எழுதிக் கொடுக்க உனக்கு நேரம் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். உன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். டூட்டி முடிந்ததும் வா. கோபம் தீரவில்லை என்றாலும் வா. என் முகத்தைப் பார்த்துத் திட்டிவிட்டாவது போ.

உன் வரவை நம்பியிருக்கும்,
உன் கணவன்