எலி கடிக்காத ஸ்வெட்டர்

உன் தகரப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நீ போய் இரண்டு வருடமாகியும் நான் அதைத் திறந்ததில்லை. இன்றும் நானாகத் திறக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து நம் வாணி மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்த மறுநாளே பயலுக்குக் காய்ச்சல். "அப்பா, அம்மாவோட பழைய வாயில் சேலை இருந்தா ஒண்ணு எடுங்க, தண்ணி தொட்டுத் துடைக்கறதுக்கு வேணும்" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள். அதற்காகத்தான் திறந்தேன்.

சேலைகளுக்கு அடியில் அந்த மஞ்சள் ஸ்வெட்டர் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவானது. முன்பக்கம் நடுவில் நீ வைத்த ஐந்து பொத்தான்கள். பொத்தான் பட்டி மட்டும் கொஞ்சம் அழுத்தமான மஞ்சள். நீ முதலில் பின்னியபோது அதற்குப் பொத்தானே கிடையாது, தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் அது. எலி கடித்துவிட்டது என்று நான் சொன்னேன். நீ பொத்தான் வைத்தாய். எலி கடிக்கவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அதுவும் நீ காது கொடுக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டக்காரர்கள் அப்படியே விட்டுவிட, இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இலை வராத ஃபாக்டரியில் தூளை உலர்த்துகிற டிரையர்காரனுக்கு என்ன வேலை? வாரத்தில் இரண்டு நாள் அடுப்புப் பற்றவைத்தால் அதுவே அதிகம். சங்கு ஊதாத நாட்களில் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து உன் உயிரை வாங்கினேன். நம் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, ஆட்கள் பிழைப்புத் தேடி மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே நீதான் திருப்பூர்ப் பேச்சை எடுத்தாய்.

"அக்கா ஊட்டுல தங்கிக்கறனுங்க. பனியன் கம்பெனில தைக்கறதுக்கு ஆள் எடுக்கறாங்களாம். பாப்பாவ நீங்க ஒத்தையாப் பாத்துக்குவீங்களா?"

"அவ்வளவு பெரிய டிரையரையே பாத்துக்கறவனுக்கு ஒரு புள்ளயப் பாத்துக்கத் தெரியாதா?" என்றேன்.

வாய்க்கொழுப்பு. நீ சிரிக்கவில்லை. பஸ் படியில் நின்றுகொண்டு எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாய். வண்டி வளைவு திரும்பும் வரை வாணி என் தோளில் உட்கார்ந்து கையாட்டினாள். அப்போது அவள் அழவில்லை. ராத்திரிதான் அழுதாள். அதையும் நான் உன்னிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ரோட்டோர மளிகைக் கடைப் போனுக்கு நீ கூப்பிடுவதாக ஏற்பாடு. மூன்றாவது ஞாயிறு. முந்தின சாயங்காலமே பிள்ளைக்கு உடம்பு சுட்டது. இருந்த மருந்தைக் கொடுத்தேன், பாதியைத் துப்பிவிட்டாள். காலையில் இன்னும் சுட்டது. அவள் அசந்து தூங்கின நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூறலில் கடைக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பாப்பா என்ன பண்றா?"

"அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா. மூணு இட்லி தின்னா. பக்கத்து ஊட்டுக் கோழியத் தொரத்தீட்டு இருக்கா."

"கூப்புடுங்களே, ஒரு வார்த்தை பேசட்டும்."

"கோழிய உட்டுட்டு வரமாட்டேங்கறா."

"சரிங்க. அங்க மழையா? ஸ்வெட்டர மட்டும் கழட்டாதீங்க. குளுரு நெஞ்சுல எறங்கிருச்சுன்னா அப்பறம் சிரமம்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

ஏன் பொய் சொன்னேன்? சொன்னால் நீ அப்படியே பஸ் ஏறிவிடுவாய், புது வேலை போய்விடும் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, ‘ஒரு புள்ளயப் பாத்துக்கத் தெரியாதா’ என்று வீறாப்புப் பேசியவன் இருபது நாளில் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அங்கிருந்தே வழி சொல்லியிருப்பாய். உனக்குத் தெரியும். பின்னாளில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, போர்வையை உருவி எறிந்து நீ ஈரத்துணி போட்டதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

ஸ்வெட்டரைக் கழற்றாதே என்று நீ சொன்னது கோழி துரத்துகிற பிள்ளைக்கு. நான் அதைக் கொதிக்கிற பிள்ளைக்குச் செய்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. நடுங்கினால் குளிர், குளிரென்றால் கம்பளி, இதுதானே நம் மலைக்காரன் புத்தி. ஸ்வெட்டரை மாட்டினேன், குல்லாயை இழுத்துவிட்டேன், இரண்டு கம்பளியைச் சுற்றினேன். ஜன்னலை அடைத்துக் கரியடுப்பைக் கட்டில் பக்கத்தில் இழுத்து வைத்தேன். டிரையர் வாயில் வருகிற தூளின் வாசனையை வைத்தே சூடு ஏறிவிட்டது என்று சொல்லுகிறவன் நான். மூட்டை மூட்டையாய்த் தூளைக் கருகாமல் காப்பாற்றினவன், பெற்ற பிள்ளையை என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்து அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். கம்பளிக்குள் ஏதோ உதைத்தது. விலக்கிப் பார்த்தால் கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன்.

தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மனைவி பார்த்ததும், "ஐயோ, ஜன்னி!" என்று இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பிள்ளையின் கைக்குள் திணித்தார். இரும்பு பிடித்தால் நிற்கும் என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஜீப்பை எடுத்தார். குன்னூர் போகிற வழியெல்லாம் மூடுபனி, பத்தடிக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. பாதி வழியில் இழுப்பு நின்றது. உடம்பு துணி மாதிரித் தொய்ந்து, சாவிக்கொத்து நழுவிக் கீழே விழுந்தது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். சாவி விழுந்த அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. இப்போதும் யாராவது சாவியைக் கீழே போட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன். இதற்காக நான் உன்னைத் திட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? சாவியை ஆணியில் மாட்ட மாட்டாயா என்று.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கம்பளியைப் பிரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளைக்கு இவ்வளவு சூடு, இப்படியா மூட்ட கட்டி வெப்பீங்க? எல்லாத்தையும் கழட்டுங்க மொதல்ல." ஸ்வெட்டர் கழுத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குள் மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. விறைத்த கையை மடக்கவும் முடியவில்லை, தலைவழியாக எடுக்கவும் முடியவில்லை. நர்ஸ் கட்டுப் பிரிக்கிற கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டு ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினார். நான் கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நாள் உட்கார்ந்து நீ பின்னினது என்று ஒரு யோசனை ஓடியது, பார்த்துக்கொள்.

"புள்ள வேணுமா, ஸ்வெட்டரு வேணுமாய்யா?" என்று அதட்டினார்.

கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே வெட்டாக வெட்டினேன்.

ஊசி போட்டதும் இழுப்பு நின்றது. உடம்பைத் துடைத்துத் துடைத்துச் சூட்டை இறக்கினார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "அம்மா எங்க?" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வருவதுண்டு, போர்த்தாமல் இருந்தாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். ஆனால் போர்த்தினது நான்தானே.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தோம். மதியம் நீ பையோடு வாசலில் நிற்கிறாய்! நீ பிள்ளையை வாரி எடுத்து முகத்தை, கையை, காலைத் தடவித் தடவிப் பார்த்தாய். பிறகு சாவகாசமாய்க் கேட்டாய்: "ஏனுங்க, பக்கத்து ஊட்டுல கோழி வளக்கறாங்களா? ஒண்ணையும் காணமே."

"கீரி தூக்கீட்டுப் போயிருச்சு" என்றேன்.

வாணி கையைக் காட்டி, "ஊசிம்மா" என்றாள். தடுப்பூசி என்றேன். கொடியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து வெட்டின விளிம்பை விரலால் நீவினாய். எலி என்றேன். கத்தரி வெட்டு தெரியக்கூடாது என்று அன்று காலையில்தான் அந்த விளிம்பை அங்கங்கே பல்லால் பிய்த்துவிட்டிருந்தேன். கோழி, கீரி, எலி, நம் இரண்டு அறை வீட்டுக்குள் அன்று ஒரு காடே வந்து இறங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் நீ ஒரே பதில்தான் சொன்னாய். "அப்படீங்களா."

கொஞ்சம் பொறுத்து, "கம்பெனில ஆர்டர் இல்லீங்களாம். கூப்புடும்போது வந்தாப் போதும்னுட்டாங்க" என்றாய்.

நான் அதை நம்பினேன். பொய்யன் மற்றவர் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவான் என்பார்கள். அப்படியொன்றும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, அவிழ்ந்த கண்ணிகளை ஊசியில் கோத்துப் பட்டி பின்னிப் பொத்தான் வைத்தாய். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, "இனிமே கழட்டறது சுளுவுங்க" என்றாய். எலி கடித்த ஓட்டையை அடைக்கிறவள் பொத்தான் எதற்கு வைக்கிறாள் என்று கேட்கிற அறிவு எனக்கு இல்லை. கேட்காமல் விட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அதற்குப் பிறகு ஃபாக்டரி மூன்று மாதம் சுத்தமாக மூடிக் கிடந்தது. ஒரு நாள் உன்னிடம், "இருந்த வேலையையும் தொலச்சுட்டு வந்து உக்காந்திருக்கறே" என்று சொன்னேன். நீ மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு ராசி அவ்வளவுதானுங்க" என்றாய். அந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதை இன்று மதியம் வரை மறந்தே போயிருந்தேன்.

இன்று மதியம் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனால், வாணி பயலை வெறும் ஜட்டியோடு படுக்கவைத்துக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் லேசாக நடுங்கினான். இத்தனை பட்டும், என் வாய் தானாகச் சொன்னது: "மேல ஒரு கம்பளியப் போடேம்மா."

"போத்தக் கூடாதுப்பா. இவன் பொறந்தப்பவே அம்மா சொல்லீட்டாங்க. உங்கப்பா உன்னயப் போத்திப் போத்தித்தான் ஜன்னி வந்துச்சு, ஸ்வெட்டரையே வெட்டி எடுத்தாங்க, நீ அப்படிப் பண்ணீராதன்னு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னப்பா? கோழின்னு சொன்னப்பவே உங்க குரலு சரியில்லையாம். மறுநா சாயங்காலம் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. கடைக்காரரு எல்லாத்தையும் சொல்லீட்டாரு. போன் பண்ணினத உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அம்மாதான் அவருகிட்டக் கேட்டுக்கிட்டாங்களாம். வேலை வேண்டாம்னு கம்பெனில சொல்லீட்டு அப்படியே கெளம்பி வந்துட்டாங்க."

"ஆர்டர் இல்லைன்னுதான வந்தா?"

"ஆர்டரெல்லாம் இருந்துச்சு. திருப்பூர்ப் பெரியம்மா இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பாங்க."

அவள் சேலையைக் கிழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பயலின் நெஞ்சைத் துடைத்தாள். உன் கை மாதிரியே. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பறம் ஏன் உங்கம்மா என்கிட்டக் கேக்கவே இல்ல?"

"நானும் அதத்தான் கேட்டேன். ‘அவரா ஒரு நாளைக்குச் சொல்லுவாரு, பாத்துக்கிட்டே இருக்கறேன்’னு சிரிச்சாங்க."

பயல் இப்போது காய்ச்சல் இறங்கித் தூங்குகிறான். வாணியும் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள். நான் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு சுளுவாகக் கழலுகிறது! உன் கடைசி நாட்களில் தினமும் உன் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுகூட நீ சில நேரம் என் முகத்தையே பார்ப்பாய். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி பார்ப்பாய். என்ன பார்க்கிறாய் என்று இன்று புரிகிறது, புரிந்து என்ன பிரயோசனம்? நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கான பதிலை இத்தனை வருடம் நானே வைத்துக்கொண்டிருந்தேன், இனியும் என்னிடம்தான் இருக்கப்போகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

"ஏனுங்க, பாப்பா என்ன பண்றா?"

பாப்பாவுக்கு நேத்து சாயங்காலத்துல இருந்து காச்சல். கோழியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒடம்பு அனலாக் கொதிக்குது, ஆனா நடுங்கறா. போத்தறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்குது. நீ வந்துரு.