புதிருக்கு முன்னால் முருகா

செவ்வாய், ஆடி 9

விழுப்புரம் ஸ்கேன் அறையில் இருந்தவர்கள்: நான், ஆராய்ச்சி மாணவி கவிதா, துணைக்கு வந்த என் வீட்டுக்காரர்.

உலோகம் கூடாதென்று தாலியைக் கழற்றி, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றோடு ஸ்கேன் குழாய்க்குள் படுத்தேன். கண்ணெதிரே திரையில் தர்க்கப் புதிர்கள் வந்தன. சில சாதாரணம், சில மனதை உலுக்குபவை. யோசிக்கும்போது மூளையில் உணர்ச்சி எப்படிக் கலக்கிறது என்று படம் பிடித்தார்கள்.

முடிந்ததும் கவிதா, "நடுவுல வேற ஏதாச்சும் நெனச்சீங்களாக்கா?" என்றாள்.

"ஒவ்வொரு புதிருக்கும் முன்னாடி 'மயிலம் முருகா'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன்."

"ஐயோ அக்கா! அதுவும் படத்துல உணர்ச்சியா விழுமே. உங்க படத்த ஆராய்ச்சில சேக்கலாமான்னு, இத நடத்துற மேடத்த கேக்கணும்."

வீட்டுக்காரர் சிரித்தார். "மல்லாட்டைக் கடலை உரிக்கவே முருகனைக் கூப்புடுறவ. இதுக்குச் சும்மா இருப்பாளா?"

திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் அதே யோசனை. எட்டாவதோடு நின்ற நான், மகளின் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குக் கற்றதுகூட முருகனைக் கூப்பிட்டுத்தான். நான் யோசிக்கும் விதமே அது. கவிதாவிடம் மறைத்திருந்தால், சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழுந்திருக்காது. ஆனாலும் உண்மையைச் சொன்னதற்கு வருத்தமில்லை. மறுபடி படுக்கச் சொன்னாலும் படுப்பேன், முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே.

மேடத்துக்கு இப்போதுதான் செய்தி அனுப்பினேன்: "அம்மா, என் படத்தைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."