‘ராசா’ என்று ஒரு கூழ்க்காரி அழைத்த குற்றம்

நலம் பெருகுக. நீர் நிறைக.

எண்திசையும் அஞ்ச வீற்றிருப்பவரும், மலைகள் எழுந்து வழிவிட நடப்பவரும், தம் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரர் இருமுறை மூச்சு வாங்க வேண்டியவருமான பொன்வேலி நாட்டுப் பெருவேந்தர் திரிலோகச் செங்கோல் கோடீரவர்மர் திருமுன்பு, நெடும்பாறை நாட்டுத் தலைமை அமைச்சன் நம்பி வேளான், எம் அரசியார் மங்கல நாச்சியாரின் ஆணையால் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மதில் ஓங்குக; வயல் விளைக; தங்கள் திருச்செவி நலமுடன் இருப்பதாக. இவ்வோலையின் பொருள் முழுவதும் தங்கள் செவியைப் பற்றியதே.

தாங்கள் விடுத்த சினவோலை வந்து சேர்ந்தது. எம் நாட்டு எருமைத்துறைச் சந்தையில் கூழ் விற்கும் நல்லக்காள் என்பவள் தங்கள் தூதர் எழினியாரை ‘ராசா’ என அழைத்தாள் என்றும், அது தங்கள் அரியணையில் வேறொருவரை அமர்த்தும் சூழ்ச்சி என்றும், ஆகவே அவளைக் கட்டி அனுப்புக, இல்லையேல் படை வரும் என்றும் அதில் கண்டிருந்தது. ஒரு கூழ்ப்பானையை எதிர்த்து யானைப்படை கிளம்புவது நாம் கேட்டறியாத போர்முறை ஆகையால், நடந்தது என்ன என்பதை முறையாக விசாரித்தோம். பேச்சினால் எழுந்த வழக்கு இது என்பதால், பேசியவர் சொற்களைப் பேசியபடியே பொறிக்குமாறு ஓலை எழுதுவோனைப் பணித்துள்ளோம்.

எழினியார் தங்கள் அவையில் தலை நரைத்தவர். தங்கள் தந்தையார் காலம் முதல் ஓலை சுமந்தவர். ஆயினும் அங்கே எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தாங்கள் ‘டேய் தூது’ என்பீர்கள். தாங்கள் சொல்வதைக் கேட்டு வாயிற்காவலனும் அவரை அப்படியே அழைப்பான். கோடையில் ஆற்று நீரைப் பங்கிடும் உடன்படிக்கைக்காக அவர் எம் நாட்டுக்கு வந்த அன்று, பல்லக்குத் தூக்குவோர் சுருண்டு விழும் வெயில். அவர்கள்மேல் இரக்கம் கொண்டு இறங்கி நடந்தவர், சந்தையின் நடுவே நா வறண்டு நின்றார்.

அப்போது பனையோலைப் பந்தலின் கீழிருந்து நல்லக்காள் குரல் கொடுத்தாள்.

“ஏன் ராசா வெயில்ல நிக்கிற? இப்பிடி நெழலுக்கு வா.”

பொன்வேலியில் அச்சொல் ஒருவருக்கே உரியது. பிறர்மேல் பட்டால் கழுத்துக்குக் கேடு. தாங்களே பின்னால் எழுந்தருளியிருக்கிறீர்களோ என்று அஞ்சி எழினியார் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு கழுதை நின்றது.

“அம்மா, என்னை அப்படி அழைக்க வேண்டாம். என் தலை போய்விடும்” என்றார்.

“தலைக்கு என்ன ராசா? வெயிலு பட்டுச் சுடுது, அவ்வளவுதான். உக்காரு, ஒரு வாய் குடி.”

அமர்ந்தார். கூழும் மோர்மிளகாயும் வந்தன. பெயர் என்ன என்று அவள் கேட்டாள். வீட்டாள் கணவன் பெயரைச் சொல்வதில்லை, அவையோர் கேட்டதில்லை, ஆகவே அப்பெயர் வாய்க்கே மறந்து போயிருந்தது. சொன்னபோது கண் கலங்கிற்று. மிளகாய்க் காரம் என்று சொல்லி மறைத்துக்கொண்டு, இன்னொரு கலயமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உடன் வந்த தங்கள் ஒற்றன் இதைத் தங்களுக்கு எழுதிய விதம் வியக்கத்தக்கது. பந்தலை வெண்கொற்றக்குடை என்றான். அகப்பையைச் செங்கோல் என்றான். இரண்டாம் கலயத்தை முடிசூட்டு விருந்து என்றான். கழுதையைப் பற்றி ஏதும் எழுதவில்லை. அதைப் பட்டத்து யானை என்று எழுத அவனுக்கும் வெட்கமாக இருந்திருக்கலாம். எழினியாரோ எம்மிடம் வாதாடி, தங்கள் வயலுக்கே மிகுதியான நீர் வரும்படி உடன்படிக்கையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். எல்லையிலேயே அவருக்கு விலங்கு பூட்டினீர்கள்.

அச்சொல்லின் கனத்தை அறிய, அமைச்சனாகிய நாம் எளிய உடையில் சந்தைக்குச் சென்று ஒரு பகல் அமர்ந்தோம். எண்ணெய் வணிகன் ராசா ஆனான். வழி மறித்த காளை ‘தள்ளிப் போ ராசா’ என்று பட்டம் பெற்றது. கூழைக் குடித்துவிட்டு நழுவியவனும் ‘நில்லு ராசா’ என்றே பிடிபட்டான். எமக்கும் முடி கிடைக்கும் என்று காத்திருந்தோம். அவள் எம்மைப் பார்த்துச் சொன்னது இது.

“பெருசு, கொஞ்சம் தள்ளி உக்காரு. காத்து வரட்டும்.”

பெருமானே, அச்சொல் எமக்கு உறைத்தது. வீடு திரும்பியதும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தோம் என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் படை திரட்டவில்லை. முன்பின் அறியாதவர் விளிக்கும் விளி சில வேளை தைக்கும், சில வேளை தடவிக் கொடுக்கும். தைத்ததற்கெல்லாம் போர் என்றால், தங்கள் சுங்கக் காவலர் எம் மக்களை ‘ஏய்’, ‘டேய்’, ‘அடியே’ என்று விளிக்கும் அழகுக்கு, நாங்கள் இதற்குள் தங்கள் அரண்மனையை வென்று அதன் முற்றத்தில் ஏர் பூட்டியிருக்க வேண்டும்.

இனித் தாங்கள் முழுதும் அறியாத செய்தி. சிறையில் எழினியார் சோறு தொடாமல் கிடந்தார். காவலன் துறையன் முதலில் மிரட்டிப் பார்த்தான். பிறகு, செய்த குற்றம் என்ன என்று கேட்டறிந்தான். பின்பு சட்டியை அருகே தள்ளி, தாழ்ந்த குரலில், “சாப்புடு ராசா” என்றான். எழினியார் உண்டார். அடுத்த அறையில் கிடந்தவன் தனக்கும் அப்படிச் சொல்லும்படி கேட்டான். சில நாளில் தங்கள் சிறையில் அரசரல்லாத கைதியே இல்லை என்றாயிற்று. இது தங்கள் செவிக்கு எட்டினால் தனக்கும் விலங்குதான் என்று உணர்ந்த துறையன், கதவைத் திறந்து, எழினியாரைத் தோளில் தாங்கி ஆற்றைக் கடந்தான். இருவரும் எம் அரசியாரின் அடைக்கலத்தில் உள்ளனர். எழினியாரின் மனத்தில் ஓடியவை எமக்குத் தெரிந்தது அவர் வாய்மொழியாகவே.

இதன்பின், தங்கள் சினம் தணிய ஒரு வழி காண விழைந்து, நல்லக்காளிடம் சென்றோம். அவள் பொன்வேலிக்கு வந்து, தங்களையும் ஒருமுறை ‘ராசா’ என்று வாயார அழைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எடுத்துரைத்தோம். எழினியார் பட்ட பாட்டை அப்போதுதான் கேள்விப்பட்டவள், அகப்பையைக் கீழே வைத்தாள்.

“இங்க வர்றவங்க பசியோட வருவாங்க, வெயில்ல நொந்து வருவாங்க. மனசு எறங்கித்தான் அப்பிடிக் கூப்புடறேன். ஒரு வார்த்தைக்காக அந்த மனுசனுக்கு வெலங்கு போட்டவர எந்த வாயால ராசான்னு கூப்புடறது? ‘அரசே’ன்னு வேணா சொல்றேன். அது பட்டந்தானே. அதுக்கு மனசு வேண்டியதில்ல.”

எவ்வளவு கேட்டும் அவள் அதற்கு மேல் இறங்கி வரவில்லை. கூழ் வாங்க வந்தவர்கள் காத்திருந்தமையால் எம்மையும் எழுந்து போகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே அரசியாரின் ஆணை இது. எழினியாரின் மனைவியும் மகளும், துறையனின் வயது முதிர்ந்த தாயும் தங்கள் நகரில் இருக்கிறார்கள். வரும் முழுநிலவுக்குள் அவர்கள் மூவரும் ஒரு கீறலும் இன்றி எருமைத்துறையில் கரையேற வேண்டும். உடன்படிக்கையின்படி, எம் கரையிலுள்ள மதகைத் தங்கள் வயலுக்குத் திறந்துவிடும் உரிமை, அதை முடித்த தூதர் என்ற முறையில் எழினியாரின் கைக்கே உண்டு. தம் நாட்டு உழவரை எண்ணி அவர் இரவும் பகலும் கலங்குகிறார். எனினும் மனைவி மக்கள் வந்து சேராமல் அக்கை மதகைத் தொடாது என்று உறுதி கூறியுள்ளார். தங்கள் வயல் காய்வதும் விளைவதும் இனித் தங்கள் விரைவைப் பொறுத்தது. அவர்களை அழைத்து வரும் வீரருக்கு, வழியில் மூவரையும் பெயர் சொல்லி மரியாதையுடன் அழைக்கப் பயிற்சி கொடுத்து அனுப்புக.

அரசியார் திருவாய் மலர்ந்தபடி நம்பி வேளான் உரைக்க, ஓலை எழுதுவோன் பூதன் பொறித்தான். அரக்கு வைத்து, காளை இலச்சினை இட்டோம். கேட்டோர் தெளிக, ஏற்றோர் வாழ்க. ஆணையை நடத்துக, அரசே.