வசந்த் செகண்ட் ஷிஃப்ட் போயிருக்கிறான்

மடல் எண் 17
02-07-2025, புதன்கிழமை, காலை 10.20 மணி
ஆம்பூர்

அன்பு மகள் எழிலரசிக்கு,

அப்பா எழுதுவது. கான்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமென நம்புகிறேன். உன் சென்ற மடலில் நாளும் மாதமும் இருந்தன, ஆண்டு இல்லை. நானே பென்சிலால் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

தொலைபேசியில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். இரண்டு அறை வீட்டில் அம்மாவின் காதில் விழாமல் அம்மாவைப் பற்றி எப்படிப் பேசுவது? வெளியே போகலாமென்று கதவைத் திறந்தால், எனக்கு முன்னால் அவள் படியிறங்கிவிடுகிறாள். காலையில் ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் போதும், டிபன் பாக்ஸைத் தேடுகிறாள். தையல் பிரிவு வேலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆனது அவளுக்குத் தெரியாது. ஆகவே எந்நேரமும் பூட்டு. சாவி என் இடுப்பில். இந்த மடலைக்கூட அடுத்த வீட்டு நிசார் அஹமதுதான் ஜன்னல் வழியாக வாங்கிப் போய்த் தபாலில் சேர்ப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாலையில் விளக்குப் போட்டதும் அம்மா கேட்கிறாள்: "ஏங்க, வசந்த் எங்க, இன்னும் காணோம்?"

நான் உள்ளதைச் சொல்கிறேன். உன் தம்பி 11-03-2022, வெள்ளிக்கிழமை, அதே ஷூ கம்பெனியில் வேலை முடிந்து இரவில் வரும் வழியில் லாரி மோதி இறந்ததைச் சொல்கிறேன். அப்போதுதான் கேள்விப்படுகிறவளாக அவள் சரிந்து உட்கார்ந்துவிடுகிறாள். சற்று நேரத்தில் செய்தி மனத்தை விட்டுப் போய்விடுகிறது, அழுகை போவதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே கேட்கிறாள்: "நான் இன்னாத்துக்கு அழறேன்?" மறுநாள் மாலை மறுபடியும் இதுவே.

வேலூரில் டாக்டர் விளக்கினார். இன்று கேட்டதைப் பதிந்து வைக்கும் இடம் அவள் மூளையில் பழுதாகிவிட்டதாம். கைப்பழக்கம் தங்குமாம். துக்கம் வேறு வழியில் போய்த் தங்குமாம், காரணம் மறந்த பிறகும். பழையது சில நாள் வரும், சில நாள் வராதாம். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

யோசனை எழுது.

அன்புடன்,
அப்பா, ரா. காசிநாதன்

இணைப்பு: டாக்டர் சீட்டின் நகல், ஒன்று.

---

கான்பூர்
8 ஜூலை 2025 (ஆண்டு போட்டிருக்கிறேன், பாருங்கள்!)

அன்புள்ள அப்பா,

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்குத் தினமும் மகன் சாகிறான். தினமும் நீங்கள்தான் போய்ச் சொல்கிறீர்கள். எதற்காக?

"வசந்த் செகண்ட் ஷிஃப்ட் போயிருக்கான்" என்று சொல்லிவிடுங்கள். அம்மா அந்த வாழ்க்கையிலேயே இருந்தவர். அதற்கு மேல் கேட்கமாட்டார். சுவரில் மாலை போட்டிருக்கும் அவன் படத்தையும் கழற்றி எனக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்களால் முடியாதென்றால் சொல்லுங்கள், அம்மாவை நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

எழில்

---

மடல் எண் 18
14-07-2025, திங்கட்கிழமை, காலை 11.05 மணி
ஆம்பூர்

அன்பு மகளுக்கு,

ஏற்றுமதிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். தாளில் ஒரு தேதி பிசகினால் பெட்டி துறைமுகத்திலேயே நிற்கும். நடக்காததை நடந்ததாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

அதிலும் அந்த வாக்கியம். 11-03-2022 அன்று மாலையும் அம்மா கேட்டாள். அன்றும் நான் அதையேதான் சொன்னேன். அன்று அது உண்மை.

படம் சுவரில் இருக்கும். அவள் என்னோடு இருப்பாள்.

அப்பா

இணைப்பு: ஏதுமில்லை.

---

கான்பூர்
18 ஜூலை 2025

அப்பா,

ஆகஸ்ட் 16ஆம் தேதி வருகிறேன். அம்மாவை அழைத்துப்போக. டிக்கெட் எடுத்துவிட்டேன்.

எழில்

---

மடல் எண் 19
04-08-2025, திங்கட்கிழமை, காலை 6.45 மணி
ஆம்பூர்

அன்பு மகள் எழிலரசிக்கு,

உன் மடல் 23-07-2025 அன்று கிடைத்தது. அன்று மாலையே நீ எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "அதான பாத்தேன்," என்று முறுக்கைக் கடித்தாள். அவ்வளவுதான். நான்கு நாள் வீட்டில் அழுகையே இல்லை.

27ஆம் தேதியும் அதையே சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க பேசுறீங்க? காலையில வேனே வர்ல. ஞாயித்துக்கிழமைல ஏது செகண்ட் ஷிஃப்ட்?"

கிழமை பார்க்க மறந்திருந்தேன், நான்! அவள் சுவரைப் பார்த்தாள், படத்தை, மாலையை. பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறந்துட்டீங்களா? நம்ம புள்ள போய்ட்டான்ங்க."

எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல, அவ்வளவு பக்குவமாகச் சொன்னாள். நான் ஒருநாளும் அவளுக்கு அப்படிச் சொன்னதில்லை. "அழுவாதீங்க, நான் இருக்கேன்ல," என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் போன அன்று சாவுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், சான்றிதழுக்கு அலைந்தேன். அழுதது இப்போதுதான்.

நேற்று மறுபடியும் ஞாயிறு. வேன் வரவில்லை என்பதைக் காலையிலேயே கவனித்துவிட்டேன். மாலையில் அவள் கேட்டபோது, தெரிந்தேதான் சொன்னேன். அவள் திருத்துவாள் என்று காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமையுமா? ஓவர்டைம் ஜாஸ்தி குடுக்குறாங்க போல," என்றாள். அவனுக்கென்று சோற்றை எடுத்து மூடி வைத்தாள். திரும்பும்போது படம் கண்ணில் பட்டது.

"யாருங்க இது, நம்ம வசந்த் சாடையில?"

"தெரியவில்லை," என்றேன்.

இன்று விடிந்ததும் அந்தச் சோற்றை நான் தின்று, தட்டைக் கழுவாமல் வைத்தேன். அம்மா வந்து தட்டைப் பார்த்தாள். "சாப்ட்டுட்டுப் படுத்துட்டானா? எழுப்பாதீங்க," என்றாள். அவன் போன நாள் முதல் இன்று வரை நடந்ததெல்லாம் இந்த வீட்டில் இனி எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் பூட்டியிருக்கிறேன்.

நீ வா. அவளை அழைத்துப்போக வேண்டாம். எனக்குச் சொல்ல வராது என்பதுதானே உன் கவலை? வந்துவிட்டது.

நீ வருவது சனிக்கிழமை. சனிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் உண்டு. கேட்டால் நீயும் அதையே சொல்.

அன்புடன்,
அப்பா

இணைப்புகள்:
1. வசந்தின் புகைப்படம், சட்டமின்றி.
2. சந்தன மாலை.

குறிப்பு: ஆணி பிடுங்க வரவில்லை. அதில் காலண்டரை மாட்டியிருக்கிறேன்.