எழுத்துக் கேட்காத கண் சோதனை

கொட்டாஞ்சேனை

அன்புள்ள மெற்றில்டா,

நீயும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதே.

லொறி ஓட்டும் எங்கள் எல்லோருக்கும் கொம்பனி கண் சோதனை வைத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், எழுத்துப் பலகையை, என்னோடு லொறி ஓட்டும் பிறெடியின் போனில் பார்த்து வரிவரியாகப் பாடமாக்கினேன். "அண்ணே, இதைப் பள்ளிக்கூடத்தில செய்திருந்தா நீங்க இண்டைக்கு டொக்டர்!" என்று சிரித்தான்.

அங்கே யாரும் எழுத்தே கேட்கவில்லை. நாடியையும் நெற்றியையும் ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, கண்ணின் பின்பக்கத்தை அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள்.

"சீனி வருத்தத்தால விழித்திரையில வீக்கம் தொடங்குது. நல்ல காலம், பார்வை குறையிறதுக்கு முதலே பிடிச்சிட்டம். ஊசி போட்டா காப்பாத்தலாம்," என்றார் டொக்டர்.

அந்த நல்ல காலம் மனேஜரின் காதுக்கும் போனது. தூரத்து நம்பர் பிளேட்டை இன்னும் தடுமாறாமல் வாசிக்கிற என்னைக் கேற் காவலுக்குப் போட்டுவிட்டார். நோயைப் பிந்திக் கண்டுபிடித்திருந்தால் அதுவரையாவது ஓட்டியிருப்பேன்.

ஊசி போடுவேன், திட்டாதே. வெயிலுக்கு என் பழைய தொப்பியை அனுப்பு. சின்னவளின் படம் ஒன்றும் சேர்த்து வை. போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வெளியே ஹோர்ன் அடிக்கிறது. என் லொறிதான், பிறெடி ஓட்டி வருகிறான். போய்க் கேற்றைத் திறந்துவிட வேண்டும்.

உன்,
கிளெமென்ற்